தலைவர் மிதித்த பிரேக்

கேட்போர் முதலில் அறிய வேண்டியவை இவை. கணினித் திரையில் ஆடும் கார்ப் பந்தய விளையாட்டுக்கான நல்ல பிரேக் பெடல், தான் எவ்வளவு தூரம் இறங்கியது என்று பார்ப்பதில்லை; தன்மீது விழும் அழுத்தத்தையே அளக்கும். பொருத்தியவுடன் ஒருவர் அதை முழு வலிமையோடு மிதிக்க வேண்டும். அந்த மிதியே அதன் நூறு விழுக்காடு. ஓட்டும்போது, வளைவுக்கு முன் ஓங்கி மிதித்து, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இவ்விரண்டும் விளங்கினால் கதையும் விளங்கும்.

ஒரு காட்டில், புதிய பொருள் எதுவாயினும் தலைவரே தொடங்கி வைப்பது வழக்கம். ஆகவே பெடல் வந்திறங்கியதும், யானைத் தலைவர் பெருங்கோ மாலையணிந்து வந்து, அனைவரும் ஆரவாரிக்க அதை மிதித்தார். இயந்திரம் அம்மிதியையே முழு அளவாகக் கொண்டது.

பந்தயத்தில் வெல்பவருக்கு, குடியிருக்க மேட்டில் தோண்டிய வளை பரிசு. மழைக்காலம் நெருங்கிவிட்டது; தவளாங்கி என்னும் முயலின் குட்டிகளோ பள்ளத்து ஈரத்தில் கிடந்தன. முதலில் ஓட்டிய மான், திரையில் ஆற்றுக்குள் பாய்ந்தது. அடுத்து ஓட்டிய காட்டுப்பன்றி புளியமரத்தில் மோதியது. தவளாங்கி பெடலை மிதித்துப் பார்த்தாள். பிறகு அதன்மீது ஏறிக் குதித்தாள். பிரேக் அளவைக் காட்டும் கோடு அசையவேயில்லை.

விழாச் செயலாளரான நரியிடம் ஓடினாள். "ஐயா, இதை என் காலுக்கு ஏத்த மாதிரி ஒருக்கா அளந்து வச்சுத் தாங்க."

"தலைவர் மிதிச்ச அளவை அழிக்கணுமா? அவர் காதுல விழுந்தா உன் காது ரெண்டும் இருக்காதும்மா!"

"மானும் பன்றியும் பிரேக் பிடிக்காமத்தானே மோதினாங்க?"

"பெடல் மேல என்ன குத்தம்? அவங்களுக்குப் பக்தி போதாது."

தவளாங்கி நேரே தலைவரிடம் சென்றாள். "தலைவரே, நீங்க மிதிச்ச இடத்துல நான் கால் வைக்க மனசு கேக்கல. வண்டியை நான் ஓட்டுறேன். பிரேக்கை நீங்களே மிதிச்சுக் குடுங்க."

"இந்தக் காட்டுல உனக்காவது மரியாதை தெரிஞ்சிருக்கே!" என்று பெருங்கோ மகிழ்ந்து வந்தார்.

முதல் வளைவில் அவர் மிதித்தார். சக்கரங்கள் இறுகின, வண்டி திரும்பாமல் நேரே வழுக்கியது.

"காலை எடுங்க ஐயா!"

"முன்வச்ச காலைப் பின்வைக்குற பழக்கம் எங்க குலத்துல இல்லம்மா."

வண்டி வேலியோரம் தேய்ந்து, தப்பிப் பிழைத்தது. அடுத்த வளைவு நெருங்கியது. வாழ்த்தொலி கேட்டால் காலைத் தூக்கி ஆசி வழங்குவது தலைவரின் வழக்கம் என்பது தவளாங்கிக்கு நினைவு வந்தது.

"தலைவர் வாழ்க!" கால் சற்றே எழுந்தது. "தும்பிக்கை வாழ்க!" இன்னும் சற்று எழுந்தது. "தந்தங்கள் வாழ்க! தாயார் வாழ்க!" கால் முழுதும் விலகியபோது, வண்டி வளைவைப் பாம்புபோல் கடந்திருந்தது. எஞ்சிய வளைவுகளையும் அவள் வாழ்த்தியே கடந்தாள்.

பின்னர் முடிவானவை: வெற்றி தலைவருடையது என அறிவிக்கப்பட்டது. பரிசு வளைக்குள் அவருடைய தும்பிக்கை நுனி மட்டுமே நுழைந்தது. ஆகவே ‘தலைவர் இல்லம்’ எனப் பெயரிடப்பட்ட அவ்வளையைப் பெருக்கிக் காக்கும் பொறுப்பில் தவளாங்கி குட்டிகளோடு குடியமர்த்தப்பட்டாள். பெடலின் அளவு மாற்றப்படவில்லை. மானும் பன்றியும் இப்போது வாழ்த்துரைக்கப் பயின்று வருகின்றன.

நீதி: வேகத்தைக் குறைக்க வலிமை வேண்டும், வலிமையைக் குறைக்க வாழ்த்து போதும்.