ஊரைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றியவர்

பயணிகளில் ஓர் இனம் உண்டு. இவர்கள் ஊரை விட்டுக் கிளம்புவதே இல்லை. ரயில் ஏறுவார்கள், பஸ் பிடிப்பார்கள், விடுதியில் அறை எடுப்பார்கள், செருப்புத் தேயத் தேய நடப்பார்கள், எல்லாம் சரிதான். ஆனால் கிளம்பும்போதே ஊரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதால், போன இடத்தில் அதை எங்கே வைப்பது என்று தேடுவதிலேயே விடுமுறை முழுதும் கழிந்துவிடும். இவர்களுக்கு ‘எங்க ஊர்க்காரர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எங்கே போவது? அவர்கள்தான் உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்களே.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். உலகமே வாய்பிளந்து நிற்கும் ஒரு கோபுரத்தின் முன் இவரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். பிறகு ஒரு சின்ன மௌனம். ஓடுவதாக இருந்தால் அந்த மௌனத்திலேயே ஓடிவிட வேண்டும். நின்றுவிட்டால் அடுத்து "ஆனா" வரும். "ஆனா"வுக்குப் பின்னால் அவருடைய ஊர் முழுதாக வரும்.

எலாதியோ ரோப்லெஸ் இந்த இனத்தில் பழுத்தவர். ஊர் லெயோன், நாட்டின் வடக்கே குளிர்ப் பக்கம். கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். லெயோனில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இவரிடம் கற்றவர்கள், மீதிப் பேர் இவரிடம் தேறாதவர்கள். மனைவி நியேவெஸ் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் காலம் தள்ளியவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் பேச்சுக்கொடுத்தே பாதி வலியை இறக்கிவிடுவாள் என்று பெயர். அந்தக் கைராசி கணவரிடம் மட்டும் பலித்ததில்லை.

இந்தப் பயணம் அவள் போட்ட திட்டம். காரணம் இருந்தது. மகள் நூரியா காதிஸில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தெற்கே போய்க்கொண்டே இருந்தால் நாடு முடிந்து கடலுக்குள் மூக்கை நீட்டுமே, அந்த ஊர். அவளுக்கு இலையுதிர்காலத்தில் குழந்தை பிறக்கப்போகிறது. அவள் வீட்டுக்கு நேர் கீழ்வீடு காலியாகிறது. மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் விடாமல் வைத்திருப்பதாக வீட்டுக்கார அம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள். லெயோன் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய்விட வேண்டும் என்று நியேவெஸுக்கு ஆசை. ஆசை என்பது சிறிய சொல். அந்தக் கீழ்வீட்டில் எந்தச் சுவரோரம் தொட்டிலைப் போடுவது என்பதுவரை அவள் போய்விட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு தடவை பேச்செடுத்துப் பார்த்தாள். முதல் தடவை எலாதியோ "லெயோனை விட்டுட்டா?" என்று கேட்டார், ஒரு காலை வெட்டி வைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னதுபோல. இரண்டாம் தடவை ஒன்றும் சொல்லாமல் சூப்பைக் குடித்து முடித்தார்.

சண்டை போட்டிருக்கலாம். போட்டால் வந்தும் விடுவார். வந்து, உயிர் இருக்கிறவரை பால்கனியில் உட்கார்ந்து குறை சொல்வார். அது அவளுக்கு வேண்டாம். ஒருமுறை, ஒரே ஒருமுறை, ‘இங்கே இருக்கலாம் போல’ என்று அவர் வாயால் தானாக வர வேண்டும். ஆகவே, குளிர்காலத்தில் குளிக்கிறவன் முதலில் காலில் மட்டும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுபோல, தொலேதோ, கோர்தோபா, கிரனாடா, செவீயா என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறக்கி, கடைசியில் காதிஸில் முக்கி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

எலாதியோவும் ஆயத்தமானார். பெட்டியில் பாதி இடத்தைப் புகையில் உலர்த்திய மாட்டிறைச்சி பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் பாலாடைக்கட்டியும் இரண்டு சட்டையும். தெற்கே வாயில் வைக்க ஒன்றும் கிடைக்காது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். யாரிடமிருந்து? தன்னிடமிருந்துதான்.

தொலேதோவின் பேராலயத்தில் ஆரம்பித்தது. நல்லாத்தான் இருக்கு. மௌனம். ஆனா இருட்டு. லெயோன் பேராலயத்தில் சுவர் என்பதே பேருக்குத்தான், மற்றதெல்லாம் வண்ணக் கண்ணாடி, வெயில் சாயம் பூசிக்கொண்டுதான் உள்ளே வர முடியும் என்று வழிகாட்டிப் பெண்ணுக்கு அவர் வழிகாட்டினார். அந்தப் பெண்ணின் குழுவில் பாதி அவர் பின்னால் திரும்பிக்கொண்டது. இரண்டு பேர் அடுத்த விடுமுறைக்கு லெயோன் போவதாக அங்கேயே முடிவு செய்தார்கள். நியேவெஸ் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அதன் வேலைப்பாட்டை ரொம்ப நேரம் ரசித்தாள்.

கோர்தோபாவின் பழைய மசூதியில் தூண்களுக்குக் குறைவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகளைத் தாங்கிக்கொண்டு, காட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும்படி, எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள். வெளிநாட்டுக்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலாதியோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இத்தனை தூண் எதுக்கு? கட்டினவனுக்குக் கூரை மேல நம்பிக்கை இல்லையா?"

கிரனாடாவில் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அங்கே குன்றின்மேல் இருக்கிற பழைய அரண்மனையால் வந்த கோபமில்லை. அரண்மனையில் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் விரலை நனைத்துப் பார்த்து, இது வெதுவெதுப்பு, நம்ம ஊர் ஆற்றில் விரல் மரத்துப்போகும் என்று பெருமையாகத்தான் சொன்னார். கோபம் மதுக்கடையில் வந்தது. பியர் கேட்டால் கூடவே ஒரு தட்டுத் தின்பண்டம் சும்மா வருகிறது. லெயோனிலும் அதே வழக்கம். அவர் தட்டை அடையாள அணிவகுப்பில் பார்ப்பதுபோலப் பார்த்தார். நம்மிடமிருந்துதான் அடித்திருக்கிறார்கள் என்றார். ஆனால் மூன்று தட்டு சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் எதிர்க்குன்றில் ஏறி உட்கார்ந்தார்கள். அரண்மனைச் சுவர்கள் செம்பாகி, அப்புறம் சாம்பலாகிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவன் கிதாரை வாசிக்காமல் சும்மா தடவிக்கொண்டிருந்தான். எலாதியோவின் கைகள் பின்னால் போகவில்லை, மடியிலேயே கிடந்தன. அவருடைய முகம் இளகியிருந்தது. கண்கூடக் கொஞ்சம் மின்னியது. நியேவெஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாகப் பெருமூச்சு விட்டார்.

"நம்ம ஊர்ல இந்நேரம் ஸ்வெட்டர் போட்டிருப்போம்."

செவீயாவில் ஒரு நம்பிக்கை பிறந்து, ஏறத்தாழ ஒரு கோபுர உயரம் வளர்ந்தது. அங்கே மணிக்கோபுரத்துக்குள் படிகள் கிடையாது. குதிரையில் ஏறிப் போவதற்காகச் சரிவுப் பாதையாகவே கட்டியிருக்கிறார்கள். எலாதியோ ஏற ஏற முகம் மலர்ந்தார். சரிவு அளவாக இருக்கிறது என்றார். இரண்டாம் கியரிலேயே போகலாம் என்றார். இப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் இன்று ஏன் வாகன நிறுத்தங்களைக் கட்டுவதில்லை என்று எதிரில் இறங்கி வந்த ஜெர்மானியர் ஒருவரைக் கேட்டார். நியேவெஸுக்கு முழங்கால் வலித்தது. ஆனாலும் துள்ளி ஏறினாள். உச்சிக்குப் போய், ஊர் முழுதும் காலடியில் விரிந்து கிடக்க, அவர் நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு."

மௌனம்.

"ஆனா ஒரு திருப்பத்துலகூடக் கண்ணாடி வைக்கல. எதிர்ல குதிரை வந்தா?"

ராத்திரி நூரியா தொலைபேசியில் கேட்டாள், அப்பா எங்கே வரைக்கும் வந்திருக்கிறார் என்று. இன்னும் லெயோனில்தான் இருக்கிறார் என்றாள் நியேவெஸ்.

காதிஸும் தன் பங்குக்குக் காலை வாரியது. அவர்கள் இறங்கிய நாளில் கீழைக்காற்று கிளம்பியிருந்தது. ஆப்பிரிக்காவைத் தொட்டுவிட்டு வருகிற காற்று. கடற்கரை மணலைக் கொண்டுவந்து பல்லிடுக்கில் வைத்துவிட்டுப் போகும். நாய்க்கும் மாமியாருக்கும் பைத்தியம் பிடிக்கும் என்று உள்ளூரில் சொல்வார்கள். எலாதியோவின் தொப்பி முதல் தெருமுனையிலேயே போய்விட்டது. லெயோன் காற்று ஒழுங்காக ஒரே பக்கமிருந்து அடிக்கும் என்றார். நூரியா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டபோது மட்டும் ஊரை மறந்து நின்றார். அதுவும் அவள் வயிற்றைத் தொட்டு, பிறக்கிறது லெயோன் பிள்ளைதான் என்று சொல்கிறவரைக்கும்.

கடைசி நாள் வந்துவிட்டது. மறுநாள் ரயில். மறுவாரம் மாதக் கடைசி. தானாக வரும் என்று காத்திருந்தது போதும், இன்று கேட்டுவிட வேண்டியதுதான் என்று நியேவெஸ் தீர்மானித்தாள். சாயங்காலம் நூரியாவின் தெரு முனையில் இருக்கிற மீன்பொரிக்கும் கடைக்கு மூவரும் போனார்கள். சதுக்கத்தில் மேஜை போட்டிருந்தார்கள். வினிகரில் ஊறவைத்துப் பொரித்த சுறா, காகிதக் கூம்பில் ஆவி பறக்க வந்தது. எலாதியோ ஒரு துண்டை எடுத்து மென்றார். நியேவெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கீழ்வீடு இருக்கிறதே என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி, விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். மௌனம்.

"ஆனா நம்ம ஊர்ல மாதிரி வராது," என்று ஒரு குரல் முடித்து வைத்தது.

குரல் பக்கத்து மேஜையிலிருந்து வந்தது. பேசினவருக்கு எலாதியோவின் வயதுதான் இருக்கும். கைகளைப் பின்னால் கட்ட வழியில்லாமல் நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். அவர் தன் மனைவியிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எலுமிச்சைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நியேவெஸும் அவளும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை வருஷமாக என்று ஒரு பார்வை கேட்டது. கல்யாணத்திலிருந்து என்று மற்றது சொன்னது.

எந்த ஊர் என்று எலாதியோ மரியாதையாக விசாரித்தார்.

"வய்யதோலித்."

லெயோனில் சாப்பிடும்போது இந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு ஊர்களையும் ஒரே மாநிலத்தில் கட்டிப்போட்டார்கள். பெரிய அலுவலகங்கள் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டன. அது நடந்தபோது பிறந்திராத லெயோன் பிள்ளைகள்கூட நேற்றுத் தங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனதுபோல அதைச் சொல்வார்கள். எலாதியோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

வய்யதோலித்காரருக்கு இது தெரியாது. ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் பாட்டுக்கு அடுக்கினார். இந்த ஊரில் மீனுக்கு மாவு அதிகம். வய்யதோலித்தில் கடல் இல்லைதான். ஆனால் நல்ல மீன் எல்லாம் நேரே அங்கேதான் வருகிறது. இங்கே தெருக்கள் குறுகல், மக்கள் சத்தம், பேராலயம் நனைந்த பிஸ்கட் மாதிரி. அப்புறம் இந்தக் காற்று. மனுஷன் குடியிருக்கிற ஊரா இது?

"காத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் எலாதியோ. "இந்தக் காத்து இல்லேன்னா எங்க சுறாவுக்கு இந்த ருசி வருமா?"

நூரியா மெல்லுவதை நிறுத்தினாள். நியேவெஸ் அந்த ‘எங்க’வைக் கேட்டாள், தன் காதையே சந்தேகித்தாள். அதற்குள் எலாதியோ வெகுதூரம் போய்விட்டார். தெரு குறுகலாக இருந்தால்தான் நிழல். சத்தம் இருந்தால்தான் உயிர். வய்யதோலித் மூடுபனியில் வருஷம் முழுக்க நடந்து பழகினவர்களுக்கு வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசத்தான் செய்யும். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர் ஈரக்கையோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

வய்யதோலித்காரர் சிரித்தார். "பெரியவரே, நீங்க இந்த ஊர் மாதிரி தெரியலையே. பேச்சு வடக்கே இழுக்குது. எங்க பக்கத்து ஆளா?"

எங்க பக்கம். லெயோன் என்று சொன்னால் போதும். அட நம்ம மாநிலம்தான் என்று அந்த ஆள் எழுந்து வந்து தோளில் கை போடுவார். நாற்காலியை இழுத்துக்கொண்டு இந்த மேஜைக்கே வந்துவிடுவார். எலாதியோ அந்தக் கையைப் பார்த்தார். அது ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தது.

"நாங்க இங்கதான் குடியிருக்கோம்," என்றார். "அதோ அந்தத் தெரு. மேல பொண்ணு, கீழ நாங்க."

சொன்னவருக்கே அது புதுச் செய்தி. கடைக்காரர் மட்டும் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. "நூரியா அப்பாவா? குடி வந்தத ஒரு வார்த்த சொல்ல மாட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே, கேட்காமலே ஒரு கூம்பு மீனை வைத்தார், உள்ளே திரும்பி மனைவிக்குச் சொன்னார், அவள் ஜன்னல் வழியாக மாடிக்காரிக்குச் சொன்னாள். காதிஸில் சதுக்கத்தில் சொன்னதைத் திரும்பி வாங்க வழி கிடையாது.

நியேவெஸ் அவசரப்படவில்லை. எலுமிச்சையைப் பிழிந்தாள். விரல்களைத் துடைத்துக்கொண்டாள். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போய், தொட்டி அருகே நின்று, வீட்டுக்கார அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

திரும்பும்போது காற்று முகத்தில் அடித்தது. எலாதியோ இல்லாத தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு நடந்தார். பிறகு, "அந்த வீட்டுக்குப் பால்கனி உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. கடல் தெரியாது. தெருதான் தெரியும்."

"தெரு தெரிஞ்சா போதும். இங்க ஒருத்தனுக்கும் வண்டியத் திருப்பத் தெரியல. யாராவது பக்கத்துல இருந்து சொல்லணும்ல."

அவள் காத்திருந்த வாக்கியம் இது இல்லை. ஆனால் அவர் வாயில் அது வந்தால் இப்படித்தான் வரும். கீழ்வீட்டுக் கணக்கை அத்தனை சட்டென்று எப்படிச் சொன்னார், அன்றைக்குச் சூப்போடு சேர்த்து அதையும் விழுங்கி வைத்திருந்தாரா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நல்ல வேளை, நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை. ஒரே ஒரு சந்தேகம். சுறாவை வினிகரில் ஊறவைத்துப் பொரித்தார்கள் என்று படித்தீர்களே, அப்போது ஒரு நொடி நின்று, சுறான்னா புட்டுதான், அதுவும் நம்ம ஊர்ல வைக்கிற மாதிரி வருமா என்று மனசுக்குள் ஒரு வரி ஓடியதா? இல்லையா? நம்பிவிட்டேன். உங்களுக்கு எந்த ஊர்?

ஐயோ, வேண்டாம். சொல்லாதீர்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது.