முதல் வரிசை மூன்றாம் நாற்காலிப் படலம்

வாழி! நாளொன்றுக்கு இரண்டாயிரம் பனியன்களைப் புரட்டிப் பார்த்து, ஊசிமுனை ஓட்டையையும் மயிரிழை எண்ணெய்க்கறையையும் ஓடி ஒளிய இடமின்றி வேட்டையாடும் கழுகுக்கண் கோமளாவே, வேலம்பாளையத்து நூல்நாட்டின் வீரத் திருமகளே, செக்கிங் பகுதியின் செங்கோலே, வாழி! நின் கையில் சிக்கிய குறைச்சரக்கு ஒருநாளும் கப்பல் ஏறியதில்லை. நின் வாயில் 'ரிஜெக்ட்' எனும் ஒற்றைச் சொல் பிறந்தால் மேனேசர்மார் முகம் வெளுப்பர், சாயப்பட்டறைக்குத் தொலைபேசிகள் அலறும், ஏற்றிய லாரி இறங்கும். அத்தகைய நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் பொருட்டு நிகழ்த்திய பெரும்போரைப் பாடப் புகுகின்றோம்.

வீரம் காரணமின்றிப் பிறப்பதன்று. ஆகவே காரணத்தை முதலில் விளக்கிவிடுவோம்.

கோமளாவின் கொழுநன் ஞானசம்பந்தம் என்பான், பதினெட்டு ஆண்டுகளாக ஓவர்லாக் தையல் இயந்திரத்தின்மீது ஆட்சி செலுத்துபவன். அவன் தொழில் நடக்கும் விதம் இது: இடப்புறக் கட்டிலிருந்து வெட்டுத்துணியை எடுப்பான், ஊசிக்கடியில் ஓட்டுவான், வலப்புறம் தள்ளுவான். எடுப்பான், ஓட்டுவான், தள்ளுவான். நாளெல்லாம் இடமிருந்து வலமாகவே திரும்பித் திரும்பி, வாய்க்கால் நீர்போல அவன் உடம்பு ஒரே திசைக்குப் பழகிப்போயிற்று. இத்தகையோன், மூன்று மாதங்களாக ஞாயிறுதோறும் வள்ளிக் கும்மி பயின்றான்.

கும்மியின் அமைப்பு எளிது. அறுபது பேர் வட்டமாக நிற்பர். நடுவில் ஆசிரியர் பாடுவார். அவர் பாட்டுக்குக் கைகொட்டிக் காலடி வைத்துச் சுற்றுவர். நான்கு அடி பாடி முடிந்ததும், அறுபது பேரும் ஒருசேர இடப்பக்கமாகத் திரும்பி எதிர்த்திசையில் சுற்றத் தொடங்குவர். அந்தோ, அந்தத் திருப்பத்திலன்றோ இருந்தது வினை! ஐம்பத்தொன்பது பேர் இடம் திரும்ப, பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தால் ஞானசம்பந்தம் மட்டும் வலம் திரும்பி, மலையோடு மோதிய மேகம்போலப் பக்கத்தாரோடு மோதினான். ஒருமுறையன்று, மூன்று முறை. மூன்றாம் முறையில் ஒரு பால்காரரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. ஆசிரியர் கைகூப்பி உரைத்தார்: "அரங்கேத்தத்தன்னிக்கும் இப்படி முட்டுனீங்கன்னா, அடுத்த வாரத்துலருந்து நீங்க சனத்தோட சனமா உக்காந்து பாத்துக்கங்க சாமி."

இந்த இடியைத் தாங்கியவள் கோமளாவே. அவள் ஓர் உத்தி வகுத்தாள். ஞாயிறுதோறும் ஒத்திகையில் அவனுக்கு நேர் எதிரே அமர்ந்து, திரும்ப வேண்டிய கணத்துக்கு இரண்டு கொட்டு முன்னதாகத் தன் வலக்கையை உயர்த்தினாள். எதிரெதிரே நிற்போர்க்கு ஒருவரின் வலம் மற்றவரின் இடம் அல்லவா? அவன் அந்தக் கையைக் கண்டதும் மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு' என எண்ணி, அது உயர்ந்த பக்கம் திரும்பினான். பாட்டைக் கேட்பதை அறவே விட்டான். அதன்பின் ஒரு மூக்குக்கண்ணாடியும் உடையவில்லை.

"கோமு, நீ முன்னால உக்காந்திருந்தாத்தான் எனக்கு அடி வரும். அஞ்சாறு வரிசை தள்ளி உக்காந்தீன்னா உன்ற கை எனக்குத் தெரியாது, பாத்துக்க" என்று அரங்கேற்ற நாளன்று காலை அவன் சொல்லிச் சென்றான். அதனால், தோழர்களே, அவளுக்கு வேண்டியது மேடையெதிர் முதல் வரிசையில் ஒரு நாற்காலி. அவ்வளவே.

இனிப் போர்க்களம். திருப்பூரின் உணவு, கலைத் திருவிழா மைதானத்தில் கொடிகள் பறந்தன. வடக்கே காளான் வறுவற் சேனை புகைமண்டலம் எழுப்பி நின்றது. தெற்கே பரோட்டாப் படை கல்லின்மேல் இரட்டைக் கரண்டியால் முரசறைந்தது. கிழக்கே கம்மங்கூழ்ப் பானைகள் யானைகள்போல் அணிவகுத்தன. மேற்கே பலகை மேடை ஒன்று சிவப்புத் துணி போர்த்தி எழுந்தது. பம்பை ஒலித்தது. இடையிடையே ஒலிபெருக்கி, யாருடையதோ ஒரு ஸ்கூட்டர் சாவியைக் கண்டெடுத்த செய்தியைத் திசைகள் எட்டும் அதிர அறிவித்துக்கொண்டிருந்தது.

இந்நாட்டில் நாற்காலி பிடிக்கும் முறை ஒன்று உண்டு. பிற நாட்டார் துண்டு போடுவர், கைக்குட்டை போடுவர். பனியன் நாட்டார்க்கு அது வேண்டா. பனியனை வெட்டும்போது கழுத்தோரமும் கையோரமும் கழிவாக விழும். அக்கழிவுத்துணி எவர் பையிலும் எப்போதும் ஒரு பிடி இருக்கும். கை துடைக்க அதுவே, சைக்கிள் துடைக்க அதுவே, நாற்காலிக்கு உரிமை நாட்டவும் அதுவே. ஒரு கீற்றைக் கைப்பிடியில் முடிந்தால், அது அரசமுத்திரை. அந்த வாரம் எந்தக் கம்பெனியில் என்ன நிறத்துக்கு ஆர்டரோ, அந்நிறமே அங்கு வேலை செய்வோரின் கொடி. கட்டிய துணியை அவிழ்ப்பார் இல்லை. அது இந்நகரத்து அறம்.

கோமளா மாலை மூன்று மணிக்கே வந்து, முதல் வரிசையின் மூன்றாம் நாற்காலியில் மெரூன் நிறக் கீற்று ஒன்றை முடிந்தாள். கும்மியோ ஆறரைக்கு. ஆகவே சற்றே உலாவச் சென்றாள். இடியாப்பத்தின் உடன்பிறப்பான சந்தகை விற்கும் கடையில் இருவர், ஆவி பறக்கும் மாவுருண்டையை அச்சில் இட்டு, நெம்புகோலைத் தொங்கிப் பிடித்து அழுத்த, ஆயிரம் வெள்ளிநூல்கள் இறங்கின. மாவு ஆறிவிட்டால் அச்சு அசையாது; சூட்டோடு சூடாக அழுத்த வேண்டும். நூல் இறங்கும் எந்தப் பொறியைக் கண்டாலும் நின்று பார்க்கும் வம்சத்தில் வந்தவள் ஆதலால், கோமளா நெடுநேரம் நின்றாள்.

அந்நேரத்தில் விதி வேலை செய்தது. ஒலிபெருக்கிக்கு வயர் இழுக்க வந்தோர், நாற்காலிகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வயரை இழுத்தபின் மீண்டும் பரப்பினர்.

ஆறு மணிக்குத் திரும்பிய கோமளா கண்ட காட்சி என்னே! முதல் வரிசை மூன்றாம் நாற்காலியில் மெரூன் கீற்று முடியப்பட்டிருந்தது. அதில், மடியில் பரோட்டாத் தட்டேந்தி, மலையரசிபோல் வீற்றிருந்தாள் ஒருத்தி. அவள் பெயர் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்து, இன்னொரு கம்பெனியில் பிசிறு வெட்டும் கத்தரியால் கோடி நூல்முனைகளைக் கொய்த கொற்றவை. ஐந்தாம் வரிசையிலும் ஒரு நாற்காலியில் அதே மெரூன் கீற்று ஆடிக்கொண்டிருந்தது. இரு கீற்று, இரு நாற்காலி. எது எவருடையது?

"ஏனுங்க அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது நான் துணி கட்டிப் போட்ட சேருங்க."

"இந்தாத்தா, துணி கட்டுனது நானு. கட்டிப்புட்டுத்தேன் அங்கிட்டு பரோட்டா வாங்கப் போனேன். உன்னுது அங்கன ஆடுது பாரு, அஞ்சாவதுல."

"இருக்கட்டுங்க. கொஞ்சம் எந்திரிச்சுக்கறீங்களாங்க?"

"எந்திரிக்கவா? ஏன், உன் பேரு எழுதியிருக்கா இதுல?"

"உங்க பேரும் எழுதலீங்களேங்க."

கொங்கு நாட்டின் சினத்தை அறியாதார் இதைப் பணிவென்று மயங்குவர். சினம் ஏற ஏற அங்கே 'ங்க' ஏறும். ஒரு வாக்கியத்தில் மூன்று 'ங்க' விழுந்தால் அருகிலுள்ளோர் குழந்தைகளைத் தூக்கிக்கொள்வர். அவ்வொலி கேட்டுக் கூட்டம் திரண்டது; கூட்டத்தை விலக்கி வந்தார் மாரப்பன் எனும் கட்டிங் மாஸ்டர், துணியின் நீதிபதி.

"சண்டை எதுக்குங்க? ரெண்டு துணியும் கழட்டுங்க. துணி பொய் சொல்லாது" என முழங்கினார் அவர்.

கீற்றுகள் இரண்டும் அவிழ்க்கப்பட்டன. மாரப்பன் முதற்கீற்றை இழுத்தார். அதன் ஓரம் பாம்புபோல் சுருண்டது. ஒற்றைப் பின்னலில் ஆன துணி மட்டுமே அவ்வாறு சுருளும். இரட்டைப் பின்னல் சுருளாது, தட்டையாகவே கிடக்கும். இரண்டாம் கீற்றையும் இழுத்தார். அதுவும் சுருண்டது. கனத்தை விரலிடை வைத்துத் தேய்த்தார், இரண்டும் ஒன்று. கூட்டத்தில் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் முகர்ந்து பார்த்தார். அயர்ன் போடும் ஒருவர் நீட்டிப் பார்த்து, "துவைச்சா நாலு பர்சன்ட் சுருங்கும்" என்று தீர்ப்புரைத்தார். "மூணுதான்" என்றார் இன்னொருவர். வாதம் வளர்ந்தது. பரோட்டாத் தட்டோடு ஒச்சம்மாளும் எழுந்து வந்து, "பிசிறப் பாருங்க, எங்க கத்தரி வாகு தெரியும்" என்று நடுவில் புகுந்தாள். எப்பேர்ப்பட்ட விந்தை! எந்த நாற்காலிக்காக இத்தனையும் மூண்டதோ, அந்நாற்காலி கால்மணி நேரம் ஆளின்றி வெறுமனே கிடந்தது. அதில் அமர ஒருவருக்கும் தோன்றவில்லை. துணி என்று வந்துவிட்டால் இந்நகரத்துக்கு நாற்காலி ஏது, உலகம் ஏது?

அப்போதுதான் மாரப்பன் கீற்றுகளை மேடையின் வெள்ளை விளக்கருகே கொண்டு சென்றார். தின்பண்டக் கடைகளின் மஞ்சள் பல்பில் எந்த மெரூனும் ஒன்றுபோலவே தோன்றும், ஏனெனில் அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு. வெள்ளை விளக்கிலோ சாயத்துக்குள் மறைந்திருக்கும் நிறங்கள் வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டன! முதல் வரிசைக் கீற்று மெரூனாகவே நின்றது. ஐந்தாம் வரிசைக் கீற்று செங்கல்போல் சிவந்தது.

கோமளா குனிந்து நோக்கினாள். சிவப்படித்த அந்தச் சாயத்துணி லாட்டை அவள் அறிவாள். சனிக்கிழமை காலை, ஷேடு சரியில்லை என்று அதைத் தள்ளியவளே அவள்தான். தள்ளிய துணியிலிருந்து கிழித்த கீற்றையே பையில் போட்டு வந்தாள். அந்த உண்மை அக்கூட்டத்தில் வேறெவர்க்கும் தெரியாது. "மெரூனா நிக்கறது என்னுதுங்க" என்று ஒரு சொல் சொன்னால் நாற்காலி அவளுடையது. கொழுநன் மானம் அவளுடையது. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அவளுடையவை. அவள் உதடு அசைந்தது. ஆனால் பதினோர் ஆண்டுகளாகப் பொய்த் துணியை மெய்த் துணி என்று ஒருமுறைகூட விட்டறியாத அவ்வுதட்டிலிருந்து பிறந்த சொல் வேறு.

"சிவந்தது என்னுதுங்க. நானே ரிஜெக்ட் பண்ணுன லாட்டுங்க."

ஒச்சம்மாள் பரோட்டாவை மெல்வதை நிறுத்தினாள்.

"எதுக்காத்தா இந்தச் சேருக்கு இம்புட்டு மல்லுக்கட்டுன?"

கோமளா சொன்னாள்: இடம், வலம், பால்காரர், இரண்டு கொட்டு, எல்லாம். கேட்ட ஒச்சம்மாள், ஏரி உடைந்ததுபோல் நகைத்தாள். "அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே எந்திரிச்சிருப்பேனே. வா, ஆளுக்குப் பாதி உக்காருவம். உன் புருசன் முட்டுறாரா இல்லியான்னு நானும் பாக்கணும்."

வென்றவளே வழங்கிய அவ்வரத்தைக் கோமளா ஏற்கும் முன், ஒலிபெருக்கி வாய் திறந்தது:

"பொதுமக்கள் கவனத்துக்கு. அறுபது பேர் குதிச்சா மேடைப் பலகை தாங்காதுன்னு பந்தல்காரர் சொல்றாருங்க. அதனால கும்மி பின்னால மைதானத்துலதான் நடக்கும். எல்லாரும் தயவுசெஞ்சு சேரைப் பின்பக்கமாத் திருப்பிப் போட்டுக்கங்க!"

அந்தோ! ஆயிரம் நாற்காலிகள் ஒருசேரத் திரும்பின. முதல் வரிசை கடைசி வரிசையாயிற்று. கோமளாவுக்கும் ஞானசம்பந்தத்துக்கும் நடுவே முப்பது வரிசைத் தலைகள் மதில்போல் எழுந்தன. அப்பால் பாட்டும் தொடங்கிவிட்டது. முதல் அடி. இரண்டாம் அடி.

இங்கே ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். முன்வரிசையில் நாற்காலிமேல் ஏறினால் பின்னுள்ளோர் வைவர். நடுவரிசையில் ஏறினாலும் வைவர். கடைசி வரிசையில் ஏறினால் வைவதற்கு எவரும் இல்லை. அதை முதலில் உணர்ந்தவள் ஒச்சம்மாளே. "ஏறுத்தா! நான் புடிச்சுக்கிறேன்!" என்று முழங்கினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் நின்றால் கால்கள் நான்கும் நாற்றிசைக்கு அகலும். ஆகவே முதுகுப்பக்கத்தை இறுகப் பற்றி, பின்கால்கள் இரண்டையும் தன் கால்களால் அணைகட்டினாள். கோமளா ஏறினாள். முதுகில் மேடை விளக்கு ஒளிர, மலைமுகட்டில் தோன்றிய முழுநிலவுபோல மைதானம் முழுமைக்கும் தோன்றினாள். தூரத்தில் ஞானசம்பந்தம் கண்டான். அவன் முகம் மலர்ந்தது.

நான்காம் அடி முடிய இரண்டு கொட்டு இருந்தது. கோமளா வலக்கையை உயர்த்தினாள்.

ஆனால் ஐயகோ, அக்கையை அவன் மட்டுமா கண்டான்? ஆடுவோர் அறுபது பேரும் அன்றுதான் அரங்கேறினர். அறுபது நெஞ்சும் திருப்பத்தை எண்ணி நடுங்கிக்கொண்டிருந்தன. உயரத்தில் ஒளிசூழ ஒருத்தி கையுயர்த்தினால், ஆணையென்றே அவர்கள் கொள்ளாரோ? அவளை நோக்கியிருந்த முப்பது பேர் அக்கணமே, இரண்டு கொட்டு முந்தியே, திரும்பினர். அவர்களைக் கண்டு மற்றோரும் திரும்பினர். ஞானசம்பந்தம் மட்டும், பயின்ற நெறி வழுவாது, 'ஒன்று, இரண்டு' என எண்ணி, பாட்டின் அடி முடிந்த அதே கணத்தில் இடம் திரும்பினான். சரியான கணத்தில் திரும்பியவன் அவன் ஒருவனே. ஆகவே மோதியவனும் அவன் ஒருவனே. பால்காரரின் புதுக் கண்ணாடி பறந்தது.

பாட்டு நின்றது. ஆசிரியர் ஒலிவாங்கியில் இடிபோல் முழங்கினார்:

"எல்லாரும் எங்கீங்க பாத்துட்டிருந்தீங்க? சம்பந்தம் ஒருத்தருதானுங்க பாட்டக் கேட்டுத் திரும்புனாரு! அடுத்த வாரத்துலருந்து அவரு முன்னால நின்னு ஆடட்டும், நீங்கெல்லாம் அவரப் பாத்துத் திரும்புங்க!"

மைதானம் ஆர்ப்பரித்தது. ஒரு சொல்கூடப் பாட்டைக் கேட்டிராத அம்மாவீரன் மார்நிமிர்த்தி நின்றான். நாற்காலிமேல் நின்ற நம் தலைவி, நெற்றியில் கைவைத்து, வருங்கால ஞாயிறுகள் யாவும் தன் வலக்கை உயர்ந்தே இருக்கப்போவதைக் கண்டாள்.

ஒச்சம்மாள், "எறங்குத்தா, கை கடுக்குது" என்றதும் அவள் இறங்கினாள்.