பாலகுருவின் பால்கனி விவசாயம்

அன்றைய சண்டைக்குக் காரணம் கொத்தமல்லி போடாத ரசம். வேறு ஒன்றுமில்லை.

பாலகுரு மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. அவர் ஓர் அதட்டல் போட்டால் அத்தனை பாத்தியிலும் ஆட்கள் நிமிர்ந்து நிற்பார்கள். அந்த அதட்டலை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் மாடிப்படி ஏறுவார். மார்க்கெட் அவர் வருகிற வழியில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டமும் சேறும் பேரமும் அவருக்கு ஆகவே ஆகாது. அதனால் மறந்துவிடுவார். வருஷக்கணக்காக, ஒரு நாள் தவறாமல் மறந்துகொண்டிருந்தார்.

"கொத்தமல்லி எங்கங்க?" என்றாள் மனைவி ஞானாம்பாள்.

"ஐயோ, மறந்துட்டேன் ஞானம்."

"நேத்து?"

"நேத்தும் மறந்துட்டேன்."

"சாப்பாட்டு டைம் மட்டும் எப்படிங்க கரெக்டா ஞாபகம் இருக்குது?"

மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தா பாரு, இனிமே இந்த வீட்டுக்கு மார்க்கெட்டுல இருந்து ஒரு தழைகூட வராது. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பில எல்லாத்தையும் நம்ம பால்கனியிலயே வளக்கப் போறேன். ஆரோவில்ல வெள்ளைக்காரனே வளக்குறான்."

"அவன் வளக்குறான். நீங்க?"

"பந்தயம் கட்டு!"

ஞானாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தாலே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாலகுரு இருக்கவில்லை.

"சரிங்க. ஆடி பொறந்ததுல இருந்து முடியிற வரைக்கும் என் அடுப்படிக்கு வேண்டிய தழையெல்லாம் பால்கனியில இருந்து வரணும். வந்துச்சுன்னா, ஆயுசுக்கும் உங்கள மார்க்கெட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன். வரலைன்னா, தினமும் விடியக்காலையில நீங்கதான் பையத் தூக்கிட்டுப் போவணும். சம்மதமா?"

"டபுள் சம்மதம்!"

தொட்டிகள் வந்தன. செம்மண் வந்தது. மேஸ்திரி பால்கனியைச் சுற்றிப் பச்சை வலை கட்டினார். அறுவடை வரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். விதை முளைத்தது. மனுஷன் பூரித்துப்போய், போர்வெல் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்.

பாத்தித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தால், உப்பு என்றைக்கு இறங்கும் என்று சொல்லிவிடுகிறவர் அவர். சொந்த வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான், ஏனென்றால் போரில் வருவது அசல் உப்புத் தண்ணீர். போதாக்குறைக்கு உப்பளத்துக் காற்று வேறு. ஆடி பிறந்தபோது முளையெல்லாம் கருகி, மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சொந்தமாக ஓர் உப்பளம் போட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. பால்கனியில் போட்டுவிட்டார்.

"என்னங்க, நாளைக்கு ரசத்துக்குப் பறிச்சுக்கலாமா?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"தாராளமா!" என்றார், பச்சை வலையை இன்னும் இழுத்துக் கட்டியபடி.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டில் நின்றார். கீரைக்கடை வேலம்மாள் வாயைப் பிளந்தாள்.

"மேஸ்திரி! நீயா? மார்க்கெட்டுக்கா?"

"சத்தம் போடாத. வேரோட ஒரு கட்டு கொத்தமல்லி குடு. உன்னைக் கும்பிடுறேன், யாருகிட்டயும் சொல்லிடாத."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றாள் வேலம்மாள்.

செத்த செடியைப் பிடுங்கி, வாங்கியதை நட்டு, தண்ணீர் தெளித்து முடித்தபோது ஞானாம்பாள் எழுந்து வந்தாள்.

"அட! எவ்ளோ உசரமா வளந்திருக்குது!"

"மண்ணு வாகு," என்றார் மேஸ்திரி.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதிர்ஷ்டம் அவர் பக்கம் இருந்தது. ஒரு நாள் வேலம்மாள் கேட்காமலே புதினாவை எடுத்து நீட்டினாள்.

"நான் கொத்தமல்லிதான கேட்டேன்?"

"இதையும் எடுத்துட்டுப் போ மேஸ்திரி. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து நட்டு முடித்தால், "புதினா துவையல் அரைக்கலாம்னு இருக்கேன், முளைச்சிருக்குதாங்க?" என்கிறாள் ஞானாம்பாள். மேஸ்திரிக்குப் புல்லரித்தது. இன்னொரு நாள் வேலம்மாள் கறிவேப்பிலையைக் கையில் திணித்தாள். அன்றைக்கென்று பார்த்து வீட்டில் கறிவேப்பிலைப் பொடி. எந்தச் சாமி புண்ணியமோ என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு நாள்தான் மாட்டப் பார்த்தார்.

"என்னங்க இது, கொத்தமல்லி ரப்பர் பேண்டோட முளைச்சிருக்குது?"

"அது... காத்துல சாஞ்சிடப் போவுதேன்னு நான்தான் போட்டேன்."

"பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கறீங்க!" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று மேஸ்திரி நினைத்தார். அவருக்கே கண் கலங்கியது.

ஆடி கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம். பால்கனியில் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஞானம், ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே மார்க்கெட்டுக்குப் போங்கன்னு என் வாயால சொல்லவே மாட்டேன்."

அடடா, எத்தனை வருஷத்து விடுதலை! நாளைக்கு ஏழு மணி வரை போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும் என்று முடிவு செய்தார். நாளைக்கு அவள் எதைப் பறிப்பாள் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. காலைக் கீழே இறக்கினார்.

அதற்குள் ஞானாம்பாள் போனை எடுத்துக் காதில் வைத்திருந்தாள். "வேலம்மாக்கா, நாளைக்குக் கொத்தமல்லியும் புதினாவும் போதும். ஆமாக்கா, எப்பவும் போல அவருகிட்டயே குடுத்துடு. ரப்பர் பேண்டு மட்டும் போடாத, பாவம், பதில் சொல்ல ரொம்ப சிரமப்படுறாரு."

போனை வைத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, நாளைக்குக் கூழு ஊத்துறோம், என் தம்பி வேற வர்றான். அந்த ஓரத் தொட்டியில ரெண்டு கிலோ சங்கரா மீன் முளைக்க வச்சிடுங்க. ஆய்ஞ்சு, கழுவினதா முளைக்கட்டும்."