‘அட்ஜஸ்ட்’ எங்கள் முன்னறைக்குள் வந்த விதம்

போத்தனூர்,
ஜூலை 1994

மதிப்பிற்குரிய ‘சொல்லும் பொருளும்’ பகுதி ஆசிரியர் அவர்களுக்கு, போத்தனூரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா அமீர் ஹம்சா பணிவுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், உட்காரத்தான் இடமில்லை.

சென்ற வாரம் ‘அட்ஜஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பொருத்தமாகச் சரிசெய்தல்’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். எந்த ஊரில் ஐயா? கோயமுத்தூர்ப் பக்கம், கேட்பவர் அசையாமல் நிற்க, கேட்கப்பட்டவர் நகர்ந்துகொள்வதற்குத்தான் அந்தப் பெயர். மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரர் பாலகோபால் கிரைண்டர் செய்து விற்பவர். ஒருநாள் வாசலில் வந்து நின்று, “ஏனுங்க பாய், பட்டறைல எடமில்லீங்க. ஒரே ஒரு கிரைண்டருங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றார். இத்தனை ‘ங்க’ போட்டுக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. “அதுக்கென்னங்க” என்றேன். அதற்குத் துணையாக இன்னொன்று வந்தது, பின்னாலேயே குழவிகள் வந்தன, இப்போது முன்னறை முழுக்கக் கிரைண்டர். நான் பேப்பர் படிப்பதும் ஒன்றின்மேல் உட்கார்ந்துதான்.

வரும் ஞாயிறு என் மகள் ரிஃபானாவைப் பெண் பார்க்கக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வருகிறார்கள். நல்ல இடம், கைநழுவினால் தாங்கமாட்டேன். “மாப்பிள்ளையோட அம்மாவ எங்கீங்க உக்கார வெக்கறது, குழவி மேலயா? எடுக்கச் சொல்லிப்போட்டு வாங்க” என்று என் மனைவி பாத்திமுத்து அழுதாள். மாடிக்குப் போனேன். டீ கொடுத்தார்கள். டீயைக் குடித்துவிட்டு எப்படிக் கேட்பது? இறங்கி வரும்போது என் கையில் இன்னொரு கிரைண்டரின் மூடி இருந்தது.

வெறுத்துப்போய் அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் பழைய வேருக்குப் ‘பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தல்’ என்று பொருளாம். நியாயத்தைக் குறிக்கும் ‘ஜஸ்ட்’ அதற்குள் இருப்பதாகப் பலர் தவறாக நினைத்துக்கொண்டார்களாம். பாலகோபால் வேர் வரை சரியாகத்தான் நடந்திருக்கிறார், நியாயத்தை எதிர்பார்த்தவன் நான்தான் முட்டாள். ஆகவே உங்கள் பொருளைத் திருத்தி, இக்கடிதத்தை அவர் பெயரோடு கொட்டை எழுத்தில் வெளியிடுங்கள். அவர் உங்கள் இதழை வரி விடாமல் படிப்பவர்.

உங்கள் இதழும் அதைத் தாங்கும் மேசையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று இறைவனைக் கேட்டுக்கொள்ளும்,
அமீர் ஹம்சா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பாத்திமுத்து என்னை மறுபடி மாடிக்கு விரட்டினாள். “ஏனுங்க, ஞாயித்துக்கெழம மட்டும் உங்க ஹாலைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க” என்று என் வாயே சொல்லிவிட்டது. பாலகோபாலும் இந்த ஊர்க்காரர்தானே, “அதுக்கென்னங்க” என்றார். ஆகவே நீங்கள் போட்ட பொருளே சரி, இக்கடிதத்தை வெளியிட வேண்டாம். ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் மாடியில் சோபாவில் உட்காருவார்கள். வீட்டுக்காரர் குடும்பம் கீழே, கிரைண்டர்கள்மேல்.