ஆசிட் அண்ணன் காய்ச்சிய பார்லித் தண்ணீர்

சேலத்திலிருந்து நாமக்கல் வரை நான் வேலை பார்க்காத பட்டறை இல்லை. அத்தனையிலும் சேர்த்து, டீயை ஒரு நிமிடம்கூட ஆறவிடாத ஒரே மனிதர் ஆசிட் அண்ணன்தான். டம்ளர் கைக்கு வந்ததும் காலி. நாக்கு எப்போதோ செத்துவிட்டது என்பது அவர் மனைவியின் கருத்து. "சோத்துக்கு ஒரு குறை சொன்னதில்லீங்க" என்று அந்த அக்கா அதற்கும் சந்தோஷப்பட்டார்.

திருச்செங்கோடு ரோட்டில் அவருக்கு லாரி பேட்டரிக் கடை. சட்டையெல்லாம் ஆசிட் ஓட்டை. அங்கே வேலைக்குச் சேர்ந்த இரண்டே நாளில் என் சட்டையும் அப்படி ஆயிற்று. பத்தாம் நாள் நான் மூட்டை கட்டும்போதுதான் அண்ணன் பார்லி காய்ச்சத் தொடங்கினார்.

அவருக்கு விடாத இருமல். ஆசிட் நெடியை விட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில், சொந்தமாக பீர் காய்ச்சும் ஓட்டலில் ஆள் தேவைப்பட்டது. முளைகட்டிய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புத் தண்ணீர் வடிக்க வேண்டும். அதில் அடர்த்தி அளக்கும் மிதவைக் கண்ணாடி ஆயிரத்து ஐம்பது காட்டும் வீடியோ ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் வேலை. பீர் ஆக்குவதெல்லாம் அங்கே போய்த்தான்.

"அடர்த்தி பாக்கறதுதானே? இருவது வருசமா வேறென்ன பண்றேன்?" என்றார். பேட்டரிக் கடையில் மிதவைக் குழாயில் ஆசிடை உறிஞ்சிய கையோடு அளவைப் பார்த்துவிட்டு அடுத்த லாரிக்கு ஓடுவதுதான் வழக்கம். இதையும் அப்படியே பார்த்தார். ஆயிரத்து முப்பத்து நான்கு.

"டவுனு சாமி. மில்லுக்காரன் பெரும் பெரும் குருணையா ஒடச்சுட்டான்!"

பொடியாக அரைத்தார். கூழாகி வடிய மறுத்தது. வேட்டியில் கட்டிப் பிழிந்தோம். முப்பத்து மூன்று. போர் தண்ணீரின் உப்பைத் திட்டி, கேன் தண்ணீர் ஊற்றினார். முப்பத்து ஐந்து. மூன்று அண்டாவும் பக்கத்து வீட்டு எருமைக்குப் போயின. அது எங்கள் வாசலிலேயே குடியேறிவிட்டது.

ஞாயிறு காலை, கடைசி பார்லி. சூடாக அளவுக் குழாயில் ஊற்றினார். மிதவையை விடுவதற்குள் பேட்டரி சார்ஜ் இறங்கி ஒரு லாரி ரோட்டில் நின்றுவிட, ஓடினார். நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி கழித்து வந்து மிதவையை விட்டார். ஆயிரத்து ஐம்பது.

என் சட்டையைப் பிடித்தார். "சக்கரை போட்டியா?"

"சத்தியமா இல்லீங்ணா."

அடுப்பில் மூடியிருந்த அண்டாவிலிருந்து இன்னொரு குழாயில் சுடச்சுட மொண்டு பார்த்தார். முப்பத்து நான்கு. அக்கா இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். "ஏனுங்க, இது ஆறிப்போச்சு, அது கொதிக்குது. ஆறட்டும்னு ஒருநாளாச்சும் உட்டீங்களா?"

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சூடா இருந்தா அடர்த்தி கம்மியாத்தான் காட்டும்... அப்ப மொத அண்டாவே..."

மூவரும் எருமையைப் பார்த்தோம். அதுவும் ஆவலோடு எங்களைப் பார்த்தது.

வீடியோ போனது, வேலை கிடைத்தது. "நீயும் வா சாமி" என்றார். அவர் பெங்களூர் பஸ் ஏறினார். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது, நான் எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இப்போது எந்த ஊர் டீக்கடையில் நின்றாலும் டம்ளரைக் கொஞ்ச நேரம் கீழே வைக்கிறேன். எனக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அங்கே அவர் இன்னும் நாக்கைச் சுட்டுக்கொண்டிருப்பாரே, அவருக்கும் சேர்த்து ஆறட்டும் என்றுதான்.