கொடி மிலிட்டரியும் வழியில் படுத்த மாடும்

பட்டாளத்துக்குப் போனவர்களில் பாலம் கட்டியவர்கள் உண்டு, பதக்கம் வாங்கியவர்கள் உண்டு. சும்மா கையை ஆட்டியே ஒரு பஸ் நிறுத்தத்தை உண்டாக்கியவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். எங்கள் தெருவின் கொடி மிலிட்டரி.

கள்ளக்குறிச்சியிலிருந்து மூங்கில்துறைப்பட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், இரண்டு பக்கமும் கரும்பு மட்டுமே நிற்கிற ஓரிடத்தில் கண்டக்டர், "மிலிட்டரி ஸ்டாப்பிங்!" என்று கத்துவார். அங்கே டீக்கடை கிடையாது, நிழற்குடை கிடையாது, ஒரு வேப்பமரம்கூடக் கிடையாது. அவருடைய கரும்புக் கொல்லை மட்டும்தான் உண்டு.

பட்டாளத்தில் அவருக்கு சிக்னல் வேலை. ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு மலை உச்சிக்குக் கொடியை அசைத்துச் சேதி சொல்ல வேண்டும். அப்படி அவர் நாட்டுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவர் வீட்டுச் சேதி எதுவும் அவருக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. மூத்த மகள் பிறந்தது, அவள் தவழ ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பென்ஷனோடு ஊர் திரும்பியவர், பெட்டியை இறக்கி வைத்ததும் சபதம் போட்டார்.

"இத்தினி வருசம் வூட்டப் பாக்காம இருந்துட்டேன். இனிமே என் வூடு என் கண்ணுல இருந்து மறையாது."

கொல்லை வரப்பில் ஏறி நின்றால் தூரத்தில் அவர் வீட்டு மொட்டை மாடி தெரியும். அது போதாதா? சம்சாரம் பச்சையம்மாவின் பழைய புடவையைக் கிழித்துச் சிவப்புக் கொடி, தன் வேட்டியைக் கிழித்து வெள்ளைக் கொடி. பட்டாளத்துப் பாஷை குடும்பத்துக்கு ஒத்து வராது என்று சொந்தமாகவே ஒரு பாஷையையும் செய்தார். இரண்டு கொடியும் தலைக்கு மேலே போனால், 'வந்தாச்சு.' சிவப்பு மட்டும் சுழன்றால், 'அடுப்ப அணைக்காத.' இரண்டும் நெஞ்சில் குறுக்காக நின்றால், 'மாடு வழியில படுத்துக்கிச்சு, நேரமாவும்.' வெள்ளை மட்டும் இடுப்புக்கு நேராக மெல்ல ஆடினால், 'கோவப்படாத.' அதிகம் பறந்தது இந்த வெள்ளைதான்.

பச்சையம்மா ஒரு தடவைகூடப் பதிலுக்குக் கையைத் தூக்கியதில்லை. மாடியில் நின்று, கொல்லை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்.

"யோவ், வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற? ரயிலா வருது கொடி காட்டறதுக்கு?"

ஆனால் என்றைக்குக் கொடி குறுக்காக நின்றதோ அன்றைக்குக் கூழ் ஆறாமல் காத்திருக்கும். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் வாத்தியாரைப் பற்றிக் கையாலேயே பேசி அடி வாங்கினார்கள்.

வீட்டுக்குக் காட்டிய சிவப்பைப் பார்த்து முதலில் நின்றவை கரும்பு டிராக்டர்கள். பிறகு பஸ்கள்.

"பெருசு, ஏறப் போறியா இல்லியா?"

"நான் எங்க ஏற்றேன்? அடுப்ப அணைக்காதன்னு சொல்லிக்கினு கீறேன்."

"எங்க அடுப்பையா?"

"என் வூட்டு அடுப்ப. நீ போ, ரைட்டு!"

தினமும் நின்று நின்று பஸ்ஸுக்கே பழகிவிட்டது. நிற்கிற பஸ்ஸில் ஆட்கள் ஏறப் பழகினார்கள். தேர்தல் வந்தபோது சிவப்பைப் பார்த்து ஒரு கட்சிக்காரர்கள் இறங்கிக் கைகுலுக்கினார்கள். மறுநாள் வெள்ளையைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். இரண்டு தரப்புக்கும் மோர் கொடுத்து அனுப்பினார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கரும்பு வெட்டப் போகிற என் அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. மிலிட்டரி கொடியைத் தூக்கும்போதெல்லாம் அப்பா என்னை இழுத்து வந்து நிறுத்துவார். "நீதான் காலேஜ் படிச்சவனாச்சே, அது இன்னா சொல்லுதுன்னு படி பாக்கலாம்!" நானும் படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பட்டத்துக்குப் படித்ததைவிட அதைக் கவனமாகப் படித்தேன்.

இப்படியே எண்பத்தைந்து வயதையும் தாண்டினார். அப்போதுதான் அவர் பேத்தியின் கல்யாணம் வந்தது. கல்வராயன் மலையில் நர்ஸாக வேலை பார்த்தவள், கரியாலூருக்கு அந்தப் பக்கம் சாமை விதைக்கிற ஒரு வீட்டுப் பையனை விரும்பினாள். மிலிட்டரி உடனே சரி என்றார். பையனின் பெரியப்பாதான் இறங்கி வரவில்லை.

"கீழ்நாட்டுக்காரங்க கடைசி நேரத்துல பேச்சு மாறுவாங்க. உச்சிப் பொழுதுக்குள்ள பொண்ணு பந்தல்ல இல்லன்னா, பந்தலப் பிரிச்சிடுவேன்."

பச்சையம்மா சீர் சாமான்களோடு முதல் நாளே மலைக்குப் போய்விட்டார். மறுநாள் பெண்ணோடு வேனில் நாங்கள் கிளம்பினோம். விடிய விடியப் பெய்த மழையில் மலைப்பாதை வளைவு ஒன்றில் மரமும் பாறையும் சரிந்து, வேன் அப்படியே நின்றது. போனில் சிக்னல் இல்லை. கீழே பள்ளத்தில் ஓடை நுரைத்துக்கொண்டு ஓடியது. பள்ளத்துக்கு எதிர்ச் சரிவில், கைக்கெட்டாத தூரத்தில், கல்யாணப் பந்தல் தெரிந்தது. சூரியன் ஏறிக்கொண்டே இருந்தது. மணப்பெண் மாலையோடு வேன் படியில் உட்கார்ந்து அழுதாள். நான் இரண்டு கையிலும் இரண்டு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வட்டமடித்தேன்.

"அத்தக் கீழ போடு" என்றார் மிலிட்டரி. "தள்ளு."

சட்டைக்குள்ளிருந்து இரண்டு கொடியும் வெளியே வந்தன. பேத்தி கல்யாணத்துக்கும் அவற்றை எடுத்து வந்திருக்கிறார் மனிதர்! பாறையில் ஏறி, பட்டாளத்தில் நிற்பதைப் போல நின்றார்.

அவருடைய பாஷையில் 'பாறை' கிடையாது, 'கல்யாணம்' கிடையாது. இருப்பதை வைத்துத்தானே பேச முடியும்? கொடிகள் குறுக்காக நின்றன: மாடு வழியில படுத்துக்கிச்சு. இரண்டும் மேலே போயின: வந்தாச்சு. சிவப்பு சுழன்றது: அடுப்ப அணைக்காத. வெள்ளை ஆடியது: கோவப்படாத. திரும்பவும் முதலிலிருந்து. கொடி ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அந்தப் பக்கம் நடந்ததை மாப்பிள்ளை பிறகு சொன்னார். பெரியப்பா பந்தல் கயிற்றில் கை வைத்துவிட்டாராம். அப்போது பச்சையம்மா போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே எழுந்து நின்றார்களாம்.

"கைய எடு! வழி மறிச்சிக்கினு கீது. பொண்ணு வந்துட்டா. பந்தலப் பிரிக்காதீங்க. யாரும் கோவப்படாதீங்க. என் வூட்டுக்காரரு சொல்றாரு!"

"எங்க சொல்றாரும்மா?"

"கண்ணு தெரியல? அதோ!"

சொன்னவர் பெரியப்பாவின் தலையிலிருந்த வெள்ளைத் தலைப்பாகையை உருவி ஒரு கையில் எடுத்தார். தாம்பாளத்திலிருந்த சிவப்புக் கூறைப்புடவையை இன்னொரு கையில் எடுத்தார். பந்தலை விட்டு வெளியே வந்தார்.

இங்கிருந்து நாங்கள் பார்த்தது அதைத்தான். எதிர்ச் சரிவில் ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் எழுந்தன. வெள்ளை ஆடியது: கோவமில்ல. பிறகு சிவப்பு வாய்ப் பக்கம் போய்ப் போய் வந்தது. இது எனக்குத் தெரியாத சேதி.

"ஆயா இன்னா சொல்லுது தாத்தா?" என்றேன்.

அவர் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மொத மொதல்ல நான் சொல்லிக் குடுத்தது இதான். அவ ஒரு நாளும் சொன்னதில்ல." மூக்கை வெள்ளைக் கொடியில் துடைத்துக்கொண்டார். "சாப்ட்டியான்னு கேக்குறா."

பிறகென்ன? கடப்பாரையும் கோடாலியுமாக மலைக்காரர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள். பாறை உருண்டது, மரம் நகர்ந்தது, உச்சிப் பொழுது கடந்து தாலி ஏறியது. முதல் அட்சதையைப் போட்டவர் வெறுந்தலையோடு நின்ற பெரியப்பா. தலைப்பாகையைத் திருப்பிக் கேட்க அவருக்கு மனசு வரவில்லையாம். தாத்தாவும் ஆயாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கொடி எதுவும் இல்லாமலே சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் சில வருடங்கள் இருந்தார். கொள்ளுப் பேரன் பேத்திகளெல்லாம் கூடியிருந்த ஒரு பொங்கலுக்கு மறுநாள், வீட்டைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். சொன்ன சொல் தவறவில்லை. வீடு அவர் கண்ணிலிருந்து கடைசி வரை மறையவில்லை.

இப்போது நான் உளுந்தூர்பேட்டையில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் மிலிட்டரி ஸ்டாப்பிங்கில் இறங்கி, பஸ் போன பிறகு வரப்பில் ஏறி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குவேன். வந்தாச்சு. தூரத்து மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு சிவப்பு முந்தானை எழும்பி, வாய்ப் பக்கம் போய்ப் போய் வரும்.