கடலோரச் சாலையில் மணிக்கு முப்பது

தன் வீடியோ கேம் பெட்டியை யாராவது தொட்டால் வீட்டில் ஒரு புரட்சி வெடிக்கும் என்று பல் டாக்டர் தீர்மானம் போட்டார். போட்ட இடம் கிளினிக். வீட்டில் போடும் அளவுக்கு அந்தத் தீர்மானம் இன்னும் வளரவில்லை.

காரணம், காலையில் நடந்த பேச்சு. அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. முக்கியமான விஷயங்களை மனைவி எடுப்பதே அந்த நேரத்தில்தான்.

"என்னங்க, அந்தச் சின்ன ரூமைக் காலி பண்ணப் போறேன். ஸ்கூலுக்கு ஒரு கிளாஸ் ரூம் வேணும். எத்தனை நாள்தான் சிக்னல் படத்தை மரத்துல மாட்டிப் பாடம் நடத்துறது?"

"ம்ம்."

"அந்தக் கேம் பெட்டி, கேசட்டு, ஒயரு எல்லாத்தையும் திங்கட்கிழமை பழைய சாமான்காரர் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவார்."

"ம்ம்ம்! ம்ம்!"

"இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொல்வீங்கன்னு நினைக்கலை. ரொம்ப தேங்க்ஸ்."

அவர் வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஊரில் அவளுக்கு 'கிளட்ச் மேடம்' என்று பெயர். எந்தத் தெருவில் நின்று கேட்டாலும், எங்கேயோ ஒரு மூலையில் "கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க!" என்று அவள் குரல் கேட்கும். தையல்காரர், தபால்காரர், காது கேட்காத ஒரு ரிட்டயர்டு தாசில்தார் என்று ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவளிடம் கற்றுத் தேறாத ஒரே ஆள் அவள் புருஷன். அவருக்கு ஓட்ட வராது; அதனால் ஊரே அவரை ஓட்டியது.

முயற்சி செய்யாமல் இல்லை. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, அவள் ஸ்கூல் ஆரம்பித்த சூட்டில், முதல் மாணவராக அவரைத்தான் உட்கார வைத்தாள். "வலது பக்கம் திருப்புங்க" என்றாள். அவருக்கு வலது எது என்று யோசிக்க அவகாசம் தேவைப்பட்டது. வண்டிக்கு அந்தப் பொறுமை இல்லை. நேரே சலவைக்கடைக் கொடிக்குள் புகுந்தது. யாருடைய போர்வையையோ தலையோடு போர்த்திக்கொண்டு, குளிர் ஜுரம் வந்த மாதிரி வண்டி வீடு திரும்பியது. அன்றிலிருந்து, "என் கை ஊசி போடுற கை. ஸ்டியரிங் பிடிச்சு நடுங்கப் பழகிடக் கூடாது" என்று சொல்லித் தப்பித்து வந்தார். எங்கே போனாலும் அவள் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

அவர் ஓட்டியதெல்லாம் அந்தச் சின்ன அறையில்தான்.

சாயங்காலம் கிளினிக் முடிந்து வந்ததும் உள்ளே நுழைவார். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் சாய்ந்து, தூசி அதில் மிதந்துகொண்டிருக்கும். கேசட்டை எடுத்து, புல்லாங்குழல்காரர் மாதிரி உதட்டருகே வைத்து ஒரு ஊது ஊதுவார். பெட்டியில் செருகுவார். திரையில் முதலில் ஒரு நீல ஒளி பரவும். அந்த நீலத்தில் பகலெல்லாம் பார்த்த சொத்தைப் பற்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து போகும். பிறகு சின்னச் சின்ன மணி ஒலிக்கிற மாதிரி இசை. அதைக் கேட்டால் அவருக்கு வயது மறந்துவிடும். சில நாள் விளையாடக்கூட மாட்டார். இசையை மட்டும் ஓடவிட்டு, கண் திறந்தபடியே கனவு கண்டுகொண்டிருப்பார்.

அதைத்தான் பழைய சாமான்காரரிடம் கொடுக்கப் போகிறாளாம்.

கிளினிக்குக்கு அடுத்த கடை மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் மத்தியானம் டீ குடிக்க வருகிறவர். டாக்டர் அவரிடம் விஷயத்தைக் கொட்டினார்.

"புரட்சி பண்ணப் போறேன் சார்."

"பண்ணுங்க. ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் பண்ணுங்க டாக்டர். வெறும் வயித்துல புரட்சி ஒத்துக்காது."

"கேலி பண்ணாதீங்க. வேற வழி இருந்தா சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். "சண்டை வேண்டாம். பழைய நினைப்பைக் கிளப்பி விடுங்க. ஒவ்வொரு கேமையா போட்டு, இது அந்தக் காலம், இது இந்தக் காலம்னு சொல்லிக்கிட்டே வாங்க. கரைஞ்சிடுவாங்க."

"உங்க வீட்டுல கரைஞ்சாங்களா?"

"எங்க வீட்டுல நான்தான் கரைஞ்சேன். அது வேற கதை. கடைசியா அந்தக் கடல் ரோடு கேமைப் போடுங்க. அதுதான் வேலை செய்யும்."

கடல் ரோடு கேமைப் பற்றி இவரிடம் எப்போது சொன்னோம் என்று டாக்டருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. அதற்குள் உள்ளே ஒரு நோயாளி அலறினார். சந்தேகம் அந்த அலறலோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து வீடு அரைத் தூக்கத்தில் இருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி நிதானமாக அடித்துக்கொண்டு போயிற்று. டாக்டர் குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

"கொஞ்சம் அந்த ரூமுக்கு வாயேன். பெட்டி போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை சேர்ந்து பார்க்கலாம்."

"எனக்கு வேலை இருக்கே" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் இதைத் தன் தேனின் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

முதல் கேசட். வானத்திலிருந்து பூச்சிகள் வரிசையாக இறங்கும். கீழே இருந்து சுட வேண்டும்.

"இது நான் காலேஜ்ல படிக்கும்போது விளையாடினது. முதல் வருஷம் பெயில் ஆனப்ப இதுதான் எனக்கு ஆறுதலா இருந்துச்சு."

"அத்தை வேற மாதிரி சொன்னாங்களே. இதை விளையாடினதாலதான் பெயிலே ஆனீங்களாமே?"

"அம்மா அப்படியா சொன்னாங்க?"

"திரையில அது என்ன, மூலையில மூணு பொம்மை?"

"அது உயிர். மொத்தம் மூணு உயிர் இருக்கு."

"ஒரு உயிரை வாங்குறதுக்கே எனக்கு இத்தனை வருஷமாச்சு. மூணுன்னா தாங்காது. அடுத்ததைப் போடுங்க."

இரண்டாவது கேசட். தொப்பி போட்ட ஒரு குட்டை மனிதன் பள்ளம் பள்ளமாகத் தாண்டிக்கொண்டே போவான். இசை தாலாட்டு மாதிரி இருக்கும். மகள் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள்.

"நம்ம பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப, என் மடியில போட்டுக்கிட்டு இதைத்தான் விளையாடுவேன். இந்த மியூசிக் கேட்டா உடனே தூங்கிடுவா. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நான் தோள்ல போட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து, கால் வீங்கி, தூங்க வெச்சு, உங்க மடியில கொண்டு வந்து போடுவேன். நீங்க நிமிர்ந்து பார்த்து 'பார்த்தியா, தூங்கிட்டா'ன்னு சொல்வீங்க."

டாக்டர் கேசட்டை உருவினார். நினைவுகள் அவர் பக்கம் சாட்சி சொல்ல மறுத்தன. மிச்சம் இருந்தது கடல் ரோடு ஒன்றுதான். அதை எடுத்து இரண்டு தடவை ஊதிச் செருகினார்.

நீலம். பிறகு கடல்.

இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். வலது பக்கம் மலை. நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரு சாலை. அந்தி வெயில் தண்ணீரில் விழுந்து, சின்னச் சின்னச் சதுரங்களாக மின்னியது. அந்தச் சூரியன் என்றைக்கும் அஸ்தமிப்பதில்லை. கடலின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் அப்படியே நிற்கும்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

கல்யாணமான புதிதில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. சமையல் அங்கே, படுக்கை அங்கே, மாடிவீட்டுக்காரர் நடக்கிற சத்தமும் அங்கேதான். வண்டி கிடையாது. சாயங்காலம் ஆனதும் அவர் சொல்வார்: "வா, கடலுக்குப் போயிட்டு வரலாம்." அவள் உண்மையாகவே தலை வாரிக்கொள்வாள். முகம் கழுவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு பாயில் வந்து உட்காருவாள். அவர் ஓட்டுவார். வளைவு வந்தால் அவள் அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். மழை நாளில் கூரை ஒழுகும். அந்தச் சாலையில் மட்டும் மழையே பெய்யாது.

"அப்ப நீ ரோஸ் கலர் புடவை கட்டுவ."

"ஊதா."

"சரி, ஊதா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். கரைகிறாள்! கண்ணாடிக்காரருக்கு ஒரு பல்லை இலவசமாகக் கட்டிக்கொடுப்பது என்று மனதுக்குள் முடிவு செய்தார்.

"கொஞ்சம் ஓட்டுங்களேன்" என்றாள் அவள். "ஆனா பந்தயம் வேண்டாம். சும்மா போங்க. மணிக்கு முப்பது."

"முப்பதா? இந்தக் கார் இருநூறு போகும்மா."

"இருநூறுல போனா நான் எப்படிக் கடலைப் பார்க்கிறது? முப்பது. தாண்டினா ஸ்விட்சை அணைச்சிடுவேன்."

அவர் முப்பதில் போனார். இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையில் அவர் அப்படிப் போனதே இல்லை. அப்போதுதான் தெரிந்தது, அங்கே எத்தனை இருந்திருக்கிறது என்று. பாறைமேல் ஒரு வெள்ளை வீடு. கொடியில் துணி காய்ந்தது. தூரத்தில் ஒரு படகு, அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. அவருக்கு மூச்சு மெதுவானது. அறை, வெயில், நாற்காலி எல்லாம் எங்கோ விலகிப் போய், நிஜமாகவே உப்புக்காற்று அடிக்கிற மாதிரி இருந்தது.

"பின்னால வண்டி வருதான்னு பாருங்க" என்றாள் அவள், தூக்கத்தில் பேசுகிற மாதிரி.

பார்த்தார்.

"வளைவு வருது. என்ன பண்ணணும்?"

"ஹாரன். அப்புறம் வேகத்தைக் குறைக்கணும்."

"கால் சும்மாதானே இருக்கு, இது மேல வெச்சுக்குங்க." அவள் தன் வீட்டுச் செருப்புகளைக் கழற்றி அவர் பாதத்தின் கீழ் நகர்த்தினாள். "இடது கிளட்ச். வலது பிரேக். மெதுவா மிதிங்க, பூ மேல கால் வெக்கிற மாதிரி."

அவர் மிதித்தார். வலது எது என்ற யோசனையே வரவில்லை. கால் தானாகப் போயிற்று. கடல் கூடவே வந்தது. இப்படியே காலம் பூராவும் போய்க்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் அவள். "நான் இத்தனை வருஷமா வண்டியில இருக்கேன். ஒண்ணு நான் ஓட்டணும். இல்லேன்னா, ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டிருக்கணும். நிம்மதியா ஜன்னல் பக்கம் சாய்ஞ்சு வெளியே பார்த்ததே இல்லைங்க. கடைசியா பார்த்தது அந்தப் பாயில உட்கார்ந்துதான். நீங்க ஓட்டினப்ப."

டாக்டருக்கு நெஞ்சு உருகி வழிந்தது. கரைய வேண்டியவள் அவள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"இனிமே நீ பார்க்கணும்" என்றார் தழுதழுத்து. "எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு. நான் ஓட்டுறேன்."

"நிஜமா?"

"சத்தியமா."

அவள் சட்டென்று எழுந்து வெளியே போனாள். பாவம், அழப் போகிறாள், தனியே அழட்டும் என்று அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஹாரன் அடித்தது. நிஜ ஹாரன்.

அவள் கதவருகே வந்து நின்றாள். கண்ணில் ஈரத்தின் தடமே இல்லை. "வாங்க. வண்டியை வெளியே எடுத்து வெச்சிருக்கேன்."

"எந்த வண்டி?"

"நீங்க ஓட்டுறேன்னு சத்தியம் பண்ணின வண்டி."

"நான் சொன்னது இந்தக் கேமை! அது போகட்டும், பெட்டி என்ன ஆச்சு? பழைய சாமான்காரர் நாளைக்கு வர்றாரே?"

"அவரை நான் கூப்பிடவே இல்லையே. இந்தப் பெட்டியை யாராவது கொடுப்பாங்களா?"

"அப்ப கிளாஸ் ரூம்?"

"இவ்வளவு நேரம் என்ன நடந்துச்சாம்? கிளாஸ்தானே? கியர் ஒண்ணுதான் பாக்கி. அதை வண்டியில சொல்லித் தரேன்."

டாக்டர் கால்களைப் பார்த்தார். அவை இன்னும் செருப்புகளின்மேல் ஒழுங்காக, இடது இடதிலும் வலது வலதிலும் இருந்தன. மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அந்தக் கண்ணாடிக்காரர்…"

"அவர் சம்சாரம் என்கிட்டதான் டிரைவிங் கத்துக்கறாங்க. நல்ல மனுஷர். நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாம உங்ககிட்ட ஒப்பிச்சிருக்கார்."

வெளியே அந்த மத்தியான வெயிலிலும் தெரு அழகாகத்தான் இருந்தது. கடல் இல்லை, அவ்வளவுதான். எதிர்வீட்டுச் சுவர் இருந்தது. அது கடலைவிடப் பக்கத்தில் இருந்தது. டாக்டர் டிரைவர் சீட்டில் ஏறினார். அவள் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, கையை மடக்கி அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். பார்க்க ஊதாப் புடவைக் காலத்துப் பெண் மாதிரியே இருந்தாள்.

அவர் சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. கிளினிக் நாற்காலியில் நோயாளிகள் செய்வதையெல்லாம் அவரும் செய்தார்: இரண்டு பக்கமும் இறுகப் பிடித்தார், தலையைப் பின்னால் சாய்த்தார், கண்ணை மூடிக்கொண்டு வாயைப் பிளந்தார்.

"டாக்டர்" என்றாள் அவள், வெளியே பார்த்தபடியே. "வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திறங்க. வலிக்காது."